ஜாடிக்குள் விழுந்த சாந்தி ஜலம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தயங்கினேன். சாமியைக் கேலி செய்கிறான் என்று ஒருவரும், கலப்படத்தை மூடி மறைக்கிறான் என்று இன்னொருவரும் சொல்லிவிடுவார்களோ என்ற பயம்.

பாலிகஞ்ச் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் நான் சூப்பர்வைசர். முருகா என்று சொல்லாமல் ஒருநாளும் பூட்டைத் திறந்ததில்லை. விஸ்வகர்மா பூஜையன்று இந்த ஊரில் தொழில் சாமான்களையெல்லாம் சாமி முன்னால் வைப்பார்கள். நாங்களும் ஸ்பானர், டேங்கில் விடும் அளவுகோல், பெட்ரோலின் அடர்த்தி பார்க்கும் கண்ணாடி ஜாடி எல்லாவற்றுக்கும் பொட்டிட்டு வைத்தோம். பூஜை முடிந்ததும் புரோகிதர் கலசத்துத் தண்ணீரை அருகம்புல்லால் எல்லார் மேலும் வீசித் தெளித்தார். சாந்தி ஜலம். மனசு குளிர்ந்தது. அப்புறம் யாரோ ஜாடிக்கு மூடி போட்டு அலமாரியில் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை, எங்கள் தினசரிச் சோதனையைத் தொடங்குமுன்பே, தரம் பார்க்கும் அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். பங்கில் எல்லாருக்கும் அவர் தீதி, வங்காளியில் அக்கா; எங்களை அவர் தாதா, அதாவது அண்ணன் என்பார். அந்த ஜாடியிலேயே பெட்ரோல் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அடியில் முத்து முத்தாய்த் தண்ணீர்.

"விற்பனையை நிறுத்துங்க."

அந்த வாரம் முழுக்க மழை. டேங்குக்குள் தண்ணீர் இறங்கியிருந்தால் பங்குக்கு சீல்தான். அதைவிட, ஜனங்களுக்குத் தண்ணீர் கலந்ததை ஊற்றினேன் என்ற பேர் வந்தால் எந்த முகத்தோடு வீட்டில் விளக்கேற்றுவேன்?

தீதி ஜாடியை மறுபடி சுழற்றிக் கண்ணை இடுக்கினார்.

"என்ன தாதா, உங்க டேங்குல அருகம்புல் முளைச்சிருக்கா?"

பார்த்தால், துளிகளோடு ஒட்டிக்கொண்டு ஒரு துண்டுப் பச்சைப் புல்!

"தீதி, அது நேத்து பூஜைத் தண்ணி! சாந்தி ஜலம்!"

"உங்களுக்கு சாந்தி வேணும், சரி. பெட்ரோலுக்கு எதுக்கு?"

பெட்ரோல் போடுகிறவர்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். தீதி சிரிக்கவில்லை. "புல்லை நம்பி நான் எழுதிக் குடுக்க முடியாது," என்று காய்ந்த ஜாடி ஒன்றை வரவழைத்து மறுபடி பிடித்தார். துளியும் இல்லை. பிறகு அளவுகோலைத் துடைத்து, நுனியில் ஒரு பசையைத் தடவி, டேங்கின் அடிவரை இறக்கினார். தண்ணீர் பட்டால் அந்தப் பசை சிவந்துவிடும். கோல் மேலே வரும்வரை நான் முருகனை விடவில்லை.

நிறம் மாறவேயில்லை.

"பங்கைத் திறங்க. பிரசாதம் மிச்சமிருந்தா அதையும் எடுங்க," என்றார் தீதி.

இப்போதெல்லாம் ஜாடியைக் கவிழ்த்து வைத்துத்தான் பூஜை. புரோகிதரே "ஜாடி கவிழ்ந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் தெளிக்கிறார்.

காளிகாட் பக்கம் இந்தக் கதை, அம்பாள் தண்ணீரைப் பெட்ரோலாக்கினாள் என்று சுற்றுகிறதாம். படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். ஆனால் நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். புல்லைக் கண்ணில் காட்டியது முருகன்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தீதி இரண்டாம் முறை சோதித்தாரே, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.