வண்டலூர் சுவரோரம் எடுத்த படம்

நான் சாகப்போகிறேன் என்று தோன்றியதும் செய்த முதல் காரியம், நல்ல போட்டோ ஒன்று எடுத்துக்கொள்ள ஆள் பார்த்ததுதான். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது. உயில் எழுதவில்லை. வங்கிக் கணக்கின் கடவுச்சொல்லை மனைவியிடம் சொல்லவில்லை. காஸ் சிலிண்டர் பதிவு செய்வது என் கைபேசியில்தான். அதைக்கூட அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நான் போன பிறகு அவள் எதில் சமைப்பாள் என்பதைவிட, சுவரில் நான் எப்படித் தெரிவேன் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டிருக்கிறது.

சாகப்போகிறேன் என்பது சற்று மிகை. இதயத்தில் அடைப்புகள், பைபாஸ் செய்துவிடலாம், அடுத்த திங்கட்கிழமையே வைத்துக்கொள்ளலாம் என்றார் மருத்துவர். “இப்பல்லாம் இது ரொட்டீன் சார்” என்றும் சொன்னார். அவருக்கு ரொட்டீன்தான். எனக்கு முதல் தடவை.

போட்டோ விஷயத்தில் எனக்கு இருந்த பயத்துக்குக் காரணம் உண்டு. நம் பக்கத்தில் ஒருவர் காலமாகிவிட்டால், அழுகை ஓய்வதற்குள் வரும் முதல் கேள்வி “போட்டோ இருக்கா?” என்பதுதான். ப்ளெக்ஸ் அடிப்பவர் வாட்ஸப்பில் கேட்டுக்கொண்டிருப்பார். மூக்கைச் சிந்தியபடி யாராவது கைபேசியைத் தடவித் தேடுவார்கள். என் அலுவலக நண்பர் ஒருவர் கண்ணீர் அஞ்சலிப் பலகையில் கூலிங் கிளாஸோடு, ஊட்டிக் குளிருக்குப் போட்ட மப்ளரோடு பதினாறாம் நாள் வரை காலனி முனையில் நின்றார். என் மாமனார் கதை இன்னும் மோசம். அவரை ஒரு கல்யாண குரூப் போட்டோவிலிருந்து வெட்டி எடுத்தார்கள். தோளில் பக்கத்து ஆசாமியின் நான்கு விரல்கள் மிஞ்சிவிட்டன. மாலைக்குள் அவ்வப்போது அந்த விரல்கள் எட்டிப் பார்க்கும். யாருடையவை என்று இன்றுவரை தெரியாது.

என்னிடம் இருந்த படங்களோ இவற்றைவிடத் தேறாதவை. என் ஆதார் அட்டையைப் பார்த்துவிட்டு ஓர் அலுவலகத்தில் “அவரு வரலையா?” என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள்.

ஸ்டூடியோவுக்குப் போயிருக்கலாம். ஆனால் அந்த வாரம் முழுக்க மனைவி என்னைத் தனியாகத் தெருமுனைக்குக்கூட விடவில்லை. ஆபரேஷனுக்கு முந்தைய வாரம் ஒரு மனிதன் ஸ்டூடியோவில் போய்த் தனியாக உட்கார்ந்து பெரிய சைஸில் படம் எடுத்துக்கொண்டால், அது எதற்கு என்று குழந்தைக்கும் புரியும். அதனால்தான் இணையத்தில் ஒரு பெண் போட்டோகிராபரைக் கண்டுபிடித்தேன். சென்னை சுற்றிப் பார்க்க வருகிறவர்களோடு ஒரு நாள் முழுக்கக் கூடவே வந்து, கோயில், ஏரி, கடற்கரை என்று படம் எடுத்துத் தருகிறவர். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வரும் குடும்பங்கள்.

“எங்கேர்ந்து வரீங்க சார்?” என்று போனில் கேட்டார்.

“தாம்பரம்மா.”

“இல்ல சார், வெளிய எந்த ஊரு?”

“தாம்பரம்தான். கிழக்கு.”

“ஸ்டே எங்க சார்?”

“வீட்லதாம்மா.”

மனைவியிடம் வேறு விதமாகச் சொன்னேன். “ஆபரேஷன் ஆயிட்டா மூணு மாசம் எங்கயும் அசைய முடியாது. இத்தனை வருஷம் இங்க இருந்து என்னத்தப் பார்த்தோம்? ஒரு நாள் டூரிஸ்ட் மாதிரி சுத்திட்டு வரலாம். போட்டோ எடுக்க ஆள் சொல்லியிருக்கேன்.”

அவள் என்னை நன்றாக உற்றுப் பார்த்தாள். நான் அவளை வெளியே கூப்பிட்டதற்கு முன்னுதாரணம் குறைவு. பிறகு எழுந்து பீரோவைத் திறந்தாள். ஆஞ்சியோ முடிவு வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிட்டோ பாட்டு கேட்டோ நான் பார்க்கவில்லை. இப்போது ஒரு மயில்கழுத்துப் புடவையை எடுத்து வைத்து இஸ்திரி போடத் தொடங்கினாள். படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறவன் இருந்து பார்க்கத்தானே ஆசைப்படுகிறான் என்று அவள் கணக்கு. மனுஷன் தேறிவிட்டான், தைரியம் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டாள். நான் என் சாவுக்குப் போட்ட திட்டத்தை நான் பிழைப்பதற்கான அடையாளமாக எடுத்துக்கொண்டாள். அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இஸ்திரிப் பெட்டியிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை வாடகைக் காரில் கிளம்பினோம். “அனகாபுத்தூர்ல பாலத்துக்கு இந்தாண்ட நிக்கறேன் சார்” என்று சொல்லியிருந்த போட்டோகிராபர் அங்கே ஏறிக்கொண்டார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஏறும்போதே பேச்சை ஆரம்பித்தவர் குன்றத்தூர் வரை நிறுத்தவில்லை. முன்தினம் ஒரு கனடாக் குடும்பம் ஏரிக்கரையில் செருப்பைத் தொலைத்தது உட்பட எல்லாம் எங்களுக்குத் தெரியவந்தது.

குன்றத்தூர் முருகனுக்குச் செவ்வாய்க்கிழமை என்றால் கூட்டம். நான் படியேறக் கூடாது என்பதால் கார் மலைமேல் வரை போனது. தரிசனம் முடிந்து வெளியே வந்ததும், ஊர் முழுதும் கீழே தெரியும் இடமாகப் பார்த்து எங்களை நிறுத்தினார்.

“சார், கேமராவப் பாக்காதீங்க. மேடத்தப் பாருங்க.”

பார்த்தேன்.

“கல்யாணம் ஆயி எவ்ளோ வருஷம் சார்?”

“இருபத்தெட்டு.”

“அதான் பயந்துகினே பாக்கறீங்க. கொஞ்சம் லவ்வா பாருங்க சார்!”

“அவரு பார்வையே அதாம்மா” என்றாள் என் மனைவி. “பொண்ணு பார்க்க வந்தப்பவும் இப்படித்தான் பார்த்தாரு. ஏதோ வயித்து வலின்னு நினைச்சோம்.”

இரண்டு பெண்களும் சேர்ந்து சிரித்தார்கள். காற்றில் முந்தானை பறந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே என் தோளில் சாய்ந்தாள், யாரும் சொல்லாமல். வீட்டில் நிம்மதி இல்லாதவளுக்குப் போலி மருந்து கொடுத்துவிட்டு, அது வேலை செய்வதையும் நின்று பார்ப்பது போல இருந்தது. இருந்தாலும் மனத்தின் இன்னொரு மூலை வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது: இந்தப் படங்கள் எதுவும் உதவாது, எல்லாவற்றிலும் ஜோடியாக இருக்கிறோம், பின்னால் பாதிப் பல்லாவரம் தெரிகிறது, இதிலும் வெட்டித்தான் எடுப்பார்கள்.

அடுத்தது வண்டலூர் மிருகக்காட்சி சாலை. வெளிவட்டச் சாலையில் போய் இறங்கினால் வாசல் பூட்டிக் கிடந்தது.

“செவ்வாக்கிழம ஜூ லீவு சார்” என்றார் டிரைவர், இருக்கையைச் சாய்த்தபடி.

“ஏம்பா, முன்னாடியே சொல்லக் கூடாதா?”

“உள்ள யாரயோ பாக்கப் போறீங்கன்னு நெனச்சேன் சார்.”

போட்டோகிராபர் உடனே கோவளம் போய்விடலாம் என்றார். ஆனால் நான் அந்தச் சுற்றுச்சுவரைப் பார்த்துவிட்டேன். வெளிறிய, நீளமான, எதுவும் எழுதாத சுவர். போஸ்டர்கூட ஒட்டவில்லை. நான் தேடியது அதுதான்.

“ஒரு நிமிஷம்மா. இங்க என்னைத் தனியா ஒண்ணு எடுத்துடு.”

“இங்கயா? சார், இதுல ஒண்ணுமே இல்லயே.”

“அதனாலதான்.”

காருக்குப் போய், பையில் மறைத்துவைத்திருந்த வெள்ளைச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தேன். குன்றத்தூர்ப் பிரசாதப் பொட்டலத்தைப் பிரித்து நெற்றியில் நேராக மூன்று கோடு இழுத்துக்கொண்டேன். சாதாரணமாக நான் அர்ச்சகர் கொடுத்த விபூதியைத் தூணில் தட்டிவிட்டு வருகிற ஜாதி. தண்ணீர் பாட்டிலோடு நின்றுகொண்டிருந்த மனைவி மூடியைத் திருகியவாறே இருந்தாள்.

“நேரா, சிரிக்காம எடும்மா. தலைக்கு மேலயும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விட்டு எடு.”

“எதுக்கு சார் இடம்?”

“புத்தகத்துக்கு. பின்னட்டையில போட.”

நான் எழுதிய புத்தகங்களின் பின்னட்டையில் பதிப்பாளர் விலையை மட்டும்தான் போடுவார். இது போட்டோகிராபருக்குத் தெரியாது. என் மனைவிக்குத் தெரியும்.

கேமரா சில முறை சொடுக்கியது. அவள் சட்டையைப் பார்த்தாள், நெற்றியைப் பார்த்தாள், என் இரு புறமும் காலியாகக் கிடந்த சுவரைப் பார்த்தாள். பிறகு மிகவும் சாதாரணமான குரலில், காய்கறி விலை கேட்பது போலக் கேட்டாள்:

“ஹால்ல எந்தச் செவுத்துல?”

நான் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

“மேடம், சோபாவுக்கு மேல மாட்டுங்க, செமயா இருக்கும்” என்றார் போட்டோகிராபர். “வேணும்னா நானே கேன்வாஸ்ல போட்டுத் தரேன்.”

“சரி. அப்ப எனக்கும் ஒண்ணு எடும்மா. இதே மாதிரி. தனியா, நேரா, ரெண்டு பக்கமும் இடம் விட்டு.”

“உனக்கு எதுக்கு?” என்றேன்.

“உங்களுக்கு எதுக்கோ அதுக்குத்தான்.”

பாட்டிலை என் கையில் திணித்துவிட்டு, நான் நின்ற அதே இடத்தில் போய் நின்றாள். முந்தானையை இழுத்துச் செருகினாள். காலையிலிருந்து முகத்தில் இருந்தது எல்லாம் போய்விட்டிருந்தது. “சிரிங்க மேடம்” என்றார் போட்டோகிராபர். “வேணாம்மா, அவரு சிரிக்கல இல்ல” என்றாள். கேமராவைப் பார்க்கச் சொன்னால் என்னையே பார்த்தாள்.

அந்த மயில்கழுத்துப் புடவை, அந்த வெற்றுச் சுவர், தலைக்கு மேல் விட்ட இடம். இருபத்தெட்டு வருடத்தில் அவள் முகத்தை நான் அப்படிச் சட்டம் போட்டுப் பார்த்ததில்லை. பார்க்க முடியவில்லை. திரும்பிக்கொண்டு, பூட்டிய வாசலில் தொங்கிய ‘செவ்வாய்க்கிழமை விடுமுறை’ என்ற பலகையை, ஏதோ பரீட்சைக்குப் படிப்பவனைப் போலத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜி.எஸ்.டி. சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நெஞ்சு வலித்தது. இது அந்த வலியா, வேறு வலியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதற்குள் யாரோ என் தாடையைப் பிடித்துத் திருப்பினார்கள். அவள்தான். கைப்பையிலிருந்து மாத்திரையை எடுத்து என் நாக்குக்கு அடியில் வைத்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

கோவளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். “உடம்பு சரியில்லயா சார்? நான் பஸ்ல போய்க்கறேன்” என்று போட்டோகிராபர் அங்கேயே விடைபெற்றுக்கொண்டார். கார் பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்தது.

“பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே?” என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி.

“சொன்னா நீ பயப்படுவ.”

“இப்ப என்ன ஜாலியா இருக்கேனா நான்?” முந்தானையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “இந்தப் புடவைக்கு மடிப்பு மடிப்பா இஸ்திரி போட்டேன், பைத்தியக்காரி மாதிரி. நீங்க பிழைச்சு வர்றதா முடிவு பண்ணிட்டீங்கன்னு” என்றாள்.

எதையும் நகைச்சுவையாக மாற்றிவிடுவதாக என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. அன்று இரும்புலியூர் வரை யோசித்தும் ஒன்றும் வரவில்லை. “எனக்கும் பயமா இருக்கு” என்றேன். கேட்டாளா என்று தெரியவில்லை. டிரைவர் கேட்டுவிட்டு வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

அந்த வாரம் அவள் எனக்குத் தேவையானதை எல்லாம் செய்தாள். தேவையில்லாத ஒரு வார்த்தை பேசவில்லை. கோபித்துக்கொண்டவளைக் கோபத்தோடேயே விட்டுவிட்டுப் போய்விடுவேனோ என்பதுதான் என் பயமாக இருந்தது. சுவரைப் பற்றிய கவலை எங்கே போயிற்றென்று தெரியவில்லை. திங்கட்கிழமை காலை ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகையில், கூடவே நடந்து வந்தவள் என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வாங்கிக்கொண்டு குனிந்தாள்.

“போட்டோவெல்லாம் போன்ல வந்திருக்கு. உங்க படத்தை நான் டெலீட் பண்ண மாட்டேன். வந்து நீங்களே பண்ணுங்க.”

வந்தேன். கையை அசைக்க முடிந்த முதல் நாளே செய்தேன். அவளுடைய படத்தையும் அழிக்கச் சொன்னதற்கு, “நல்லா வந்திருக்கு, இருக்கட்டும்” என்று கைபேசியைப் பிடுங்கிக்கொண்டாள். சிலிண்டர் பதிவு செய்வதை இப்போது அவளே செய்கிறாள்.

நான் தெருவில் நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு நாள் போட்டோகிராபர் அழைத்தார். தன் இணையப் பக்கத்தில் அந்த வண்டலூர்ப் படத்தைப் போட்டுக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்டார். எனக்கு உள்ளூரப் பெருமை. ஆயிரம் சொன்னாலும் முகம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா. தாராளமாகப் போட்டுக்கொள்ளம்மா, இப்போது எனக்கு ஆட்சேபணை இல்லை என்றேன்.

“ஐயோ, உங்களுது இல்ல சார், மேடத்துது” என்றார். “அவங்க கண்ணுல இன்னா ஒரு கோவம் சார், செம லுக்கு! உங்களுது வேணாம் சார், தப்பா எடுத்துக்காதீங்க. யார் வூட்டு சாவுக்கோ வந்து, எப்ப கெளம்பலாம்னு ஓரமா நிக்கிற மாதிரியே கீது.”