குற்றாலத்தில் வாங்கிய ‘அசல்’ தைலம்

சென்ற சாரல் பருவத்தின்போது என் மகளுக்குச் சளி கட்டி மூச்சு இரைத்தது. குற்றாலம் கடைத்தெருவில் ‘அசல் நீலகிரித் தைலம்’ என்று லேபிள் ஒட்டிய குப்பி ஒன்றை வாங்கினேன். மேலகரத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்ததும் நானே அவள் நெஞ்சில் தேய்த்துத் துணியும் கட்டினேன். சற்று நேரத்தில் குழந்தை அலறித் துடித்தாள். துணியை அவிழ்த்தால் நெஞ்சு முழுவதும் கொப்புளம். தென்காசி டாக்டர் குப்பியை முகர்ந்து பார்த்து, “பாதி மண்ணெண்ணெயால்லா இருக்கு!” என்றார்.

சுகாதார இன்ஸ்பெக்டரிடம் புகார் கொடுத்தேன். அந்த மகானுபாவர் கடைக்காரருக்கு சோதனைக்கு வருவதை முதல் நாளே ஆளனுப்பிச் சொல்லிவிட்டு, மறுநாள் என்னையும் அழைத்துப் போனார். கடைக்காரர் உள்ளேயிருந்து எடுத்துவந்த குப்பிக்குத்தான் சோதனைக்கென்று அரக்கு முத்திரை வைத்தார்.

“வெளிய அடுக்கியிருக்கதுல எடுங்க ஐயா” என்றேன்.

“எனக்கே சட்டம் சொல்லிக் குடுக்கீரோ?” என்று சீறினார் இன்ஸ்பெக்டர்.

கிளம்பும்போது தம் வீட்டுக்கு ஒரு குப்பி கேட்டார். கடைக்காரர் பழக்கதோஷத்தில் வெளி அடுக்கில் கை வைத்தார்.

“அது வேண்டாம்வே. பிள்ளைகளுக்குத் தேய்க்கணும். உள்ள இருக்கதுல குடும்!”

என் எதிரிலேயே, கூச்சமில்லாமல் சொன்னார். தைலம் சுத்தமானது என்று வந்த காகிதம் இப்போது அந்தக் கடையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

மகள் தேறிவிட்டாள். நான் இப்போது லேபிளையும் நம்புவதில்லை, சர்க்கார் முத்திரையையும் நம்புவதில்லை. எந்தக் கடையானாலும் குப்பியைத் திறந்து, “முதல்ல உங்க நெஞ்சுல தேய்ச்சுக் காட்டுங்க அண்ணாச்சி” என்கிறேன். இதுவரை ஒருவர்கூடச் சட்டைப் பொத்தானைக் கழற்றவில்லை.