ஓவன்ல வைக்காத போல்ட்டு

கணபதி ஏரியாவுல பிளேட்டிங் பட்டறை வெச்சிருக்கறவன் நான். இரும்புச் சாமானுக்கு ஜிங்க் முலாம் பூசற தொழில். கருப்பா, துருவேறி வர்ற போல்ட்டு எங்க தொட்டியில முங்கி எந்திரிச்சா வெள்ளியாட்டம் மின்னும். "உங்க கை பட்டா இரும்பும் நகையாயிருதுங்க"ன்னு பார்ட்டிங்க சொல்லுவாங்க. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்குத் தலைக்கனம் ஏறிப்போச்சு.

என்ற தங்கச்சி பொள்ளாச்சிப் பக்கம் ஊடு கட்டினா. ஹால்ல ஊஞ்சல் போடறதா இருந்துது. ஊஞ்சலுக்கு வேண்டிய போல்ட்டு நட்டெல்லாம் என் பொறுப்புன்னு நானே வாயைக் குடுத்தேன். கடையில கிடைக்கற சாதாப் போல்ட்டே தாராளமாப் போதும். ஆனா பட்டறைக்காரன் கௌரவம்னு ஒண்ணு இருக்குதே! மெஷினுக்குப் போடற, ஹார்டனிங் பண்ணுன, இருக்கறதுலயே கெட்டியான போல்ட்டாப் பாத்து நாலு எடுத்தேன். கருகருன்னு இருந்துது. புது ஊட்ல கருப்பு வேண்டாண்ணான்னா தங்கச்சி. அதுக்கென்ன அம்மணி, மினுக்கிக் கொண்டாறேன்னு சொல்லிப்போட்டேன்.

முலாம் பூசறதுக்கு முன்னாடி போல்ட்டை ஆசிட்ல போடோணும். கருப்பு கரையும், சின்னச் சின்னதாக் குமிழி கிளம்பும். அது ஹைட்ரஜன். முக்காவாசி மேல வந்து காத்தோட போயிரும். மிச்சம் இரும்புக்குள்ளயே புகுந்துக்கும். அப்புறம் தொட்டியில கரண்டு விடறப்ப இன்னுங்கொஞ்சம் புகும். சாதா இரும்பு அதைச் சட்டையே பண்ணாது. கெட்டியான இரும்புக்குத்தான் ஆகாது, பாரம் ஏறுனா உள்ளுக்குள்ள விரிசல் உட்டுக்கிட்டே போகும், ஒரு நாள் படக்குனு உடையும். வெளிய பாத்தா ஒண்ணுமே தெரியாது, மினுமினுன்னுதான் இருக்கும். அதனால முலாம் பூசுன கையோட ஓவன்ல, இருநூறு டிகிரிச் சூட்டுல, ஒரு பகல் பூரா வெச்சு அந்த வாயுவை வெளியேத்தோணும். இதைப் பட்டறைச் செவுத்துல நானே பெயிண்ட்ல எழுதி வெச்சிருக்கேன். வேலைக்கு வர்றவங்க மறந்தாங்கன்னா சாமியாடுவேன்.

அன்னைக்கு ஓவன் நிறைய ஒரு பார்ட்டி சரக்கு வெந்துக்கிட்டு இருந்துது. மறுநாள் காலைல கிரகப்பிரவேசம். நம்ம ஊட்டுச் சாமான்தானே, ஊஞ்சலுக்கு என்ன வந்துரப் போகுதுன்னு நாலு போல்ட்டையும் துடைச்சு, துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டேன். வெளியாளு சரக்கா இருந்திருந்தா சத்தியமா அப்படிச் செஞ்சிருக்க மாட்டேன்.

ஊஞ்சலை மாட்டிக் குடுத்தவரு எங்க பட்டறைக்குப் பக்கத்துல இருக்கற ஃபிட்டர். எனக்கு ரொம்ப வருசப் பழக்கம், நான்தான் கூட்டிட்டுப் போனேன். விட்டத்துல துளை போட்டு, போல்ட்டை ஏத்தி, ஸ்பேனர்ல முறுக்கிக்கிட்டே வந்து, கடைசி அரைச் சுத்துக்குக் கண்ணை மூடிக்குவாரு. எவ்வளவு முறுக்கோணும்னு கைக்குத் தெரியும்ங்கண்ணா, கண்ணு எதுக்குன்னு கேப்பாரு. வேலை முடிஞ்சதும் அவரே உக்காந்து ஆடிக் காட்டினாரு. எல்லாரும் சிரிச்சோம்.

மூணாம் நாள் மத்தியானம் தங்கச்சி மாமியார் அந்த ஊஞ்சல்ல உக்காந்து அவரைக்காய் நறுக்கிக்கிட்டு இருந்திருக்காங்க. ஒரு போல்ட்டு தெறிச்சுது. பலகை சாஞ்சு, அத்தை தரையில விழுந்து, இடுப்பெலும்பு முறிஞ்சுபோச்சு.

ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தி நான் அந்த ஊட்டுக்குத்தான் போனேன். சிதறிக் கிடந்த அவரைக்காய்க்கு நடுவுல போல்ட்டுத் தலையைத் தேடி எடுத்தேன். அளவுக்கு மீறி முறுக்கி அத்துப்போன போல்ட்டா இருந்தா கழுத்து முறுக்கிக்கிட்டு, இழுபட்டு, மங்கலா இருக்கும். இது கல்கண்டை உடைச்சாப்ல பொடிப்பொடியா மின்னுச்சு. பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. பாக்கெட்டுல போட்டுக்கிட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல தங்கச்சி மாப்பிள்ளை கொதிச்சுக்கிட்டு இருந்தாரு. சங்கதி கேட்டு ஓடி வந்த ஃபிட்டரும் அங்கதான் செவுத்தோரமாத் தலைகுனிஞ்சு நின்னாரு. "இந்தாளு முறுக்கு முறுக்குன்னு முறுக்கித்தான் போச்சு. இரும்பைப் பத்தி உங்களுக்குத் தெரியாததா, நீங்களே சொல்லுங்க மச்சான்"னாரு மாப்பிள்ளை. அத்தனை பேரும் என்னையப் பாத்தாங்க. பாக்கெட்டுல போல்ட்டு தொடையில குத்துது.

"இருக்கும்"னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அதுக்கு மேல ஒரு வார்த்தையும் சேக்கலைன்னு எத்தனையோ நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பாத்திருக்கேன். வெக்கங்கெட்ட சமாதானம்.

அத்தை இப்ப வாக்கர் புடிச்சுத்தான் நடக்கறாங்க. நான் போனா "வா கண்ணு"ன்னு கூப்பிட்டு, காப்பி வெக்கச் சொல்லுவாங்க. பாதி டம்ளரை அப்படியே வெச்சுட்டு எந்திரிச்சு வந்துருவேன். ஃபிட்டர் பேரு ஊர் பூராக் கெட்டுச்சு, மேல ஏறிச் செய்யற வேலைக்கு அவரைக் கூப்பிடறதையே உட்டுட்டாங்க. அவரு ஒருத்தர்கிட்டயும் எதுத்துப் பேசலை. நானே சொல்லிட்டேன்னா அது அவர் தப்பாத்தான் இருக்கும்னு நம்பிட்டாரு.

எட்டு மாசம் கழிச்சு, போன வாரம், ஒரு பட்டறைக்குச் சரக்குக் குடுக்கப் போனேன். அங்க அவரு மோட்டாரைத் தரையில இறுக்கிக்கிட்டு இருந்தாரு. கையில புதுசா டார்க் ரெஞ்ச்சு, முறுக்கு அளவு சரியா வந்ததும் டக்குனு சத்தம் குடுக்குமே, அது. ஒரே போல்ட்டை முறுக்கினாரு, தளத்தினாரு, மறுபடி முறுக்கினாரு. மூணு தடவை. என்னைப் பாத்ததும் சிரிச்சாரு. இப்பல்லாம் கையை நம்பறதில்லீங்கண்ணா, எனக்குக் கண்ணு மூடிக் காரியம் செய்யற தெனாவெட்டெல்லாம் போச்சுன்னாரு.

வண்டிப் பெட்டியில வெச்சிருந்த போல்ட்டுத் தலையை எடுத்து அவர் முன்னாடி வெச்சேன். ஆசிட்டு, ஓவன், பாக்கெட்டு, "இருக்கும்"னு சொன்னது, ஒண்ணு விடாமச் சொன்னேன். அவர் முன்னாடியே மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, தப்பு என்னோடது, முறுக்குனதுல குத்தமே இல்லைன்னு சொன்னேன். கேட்டுட்டு, அவரு போனை வெச்சுட்டாரு.

ஃபிட்டர் என்னையத் திட்டலை. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். போல்ட்டுத் தலையைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் கேட்டாரு:

"அப்ப என்ற கை சரியாத்தான் இருந்துச்சுங்களாண்ணா?"

"சரியாத்தான் இருந்துச்சு."

சாதா ஸ்பேனரை எடுத்தாரு. அடுத்த போல்ட்டுல மாட்டிக் கண்ணை மூடி, கடைசி அரைச் சுத்து முறுக்கினாரு.

அப்புறம் டார்க் ரெஞ்ச்சை எடுத்து, அதே போல்ட்டுல வெச்சுப் பாத்தாரு.