ஐயா வாக்குக் கேட்கக் கொண்டுபோன வெற்றிலை

அக்கா காரியதரிசி பதவிக்கு நின்றபோது ஐயா வெற்றிலைத் தட்டத்தோடு வாக்குக் கேட்கப் போனார். பெண்களுக்கும் வாக்குரிமை வந்த புதிது அது. வாக்கை எப்படிக் கேட்பதென்று எங்கள் ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. ஐயாவுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஒருவரிடம் ஒன்றைக் கேட்டுப் போவதென்றால் வெறுங்கையோடு போகக்கூடாது.

பதவி ஒன்றும் சின்னதல்ல. முழு இலங்கைக்குமான மாணவர் சங்கம். பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பேராகக் கொழும்பு, கண்டி, காலி என்று எல்லா இடத்திலிருந்தும் பிரதிநிதிகள் வருவார்கள். அந்த வருடம் கூட்டம் யாழ்ப்பாணத்தில். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த அக்காவுக்குக் கொழும்பில் மேலே படிக்கவேண்டும் என்று ஆசை. வென்றால் போகட்டும், தோற்றால் வீட்டோடு இருக்கட்டும் என்று அம்மா கறாராகச் சொல்லியிருந்தார். தோற்பாள் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னார் என்பது எட்டு வயதுக்காரி எனக்கே தெரிந்தது. அக்கா கிணற்றடியில் வாழைகளுக்கு முன்னால் நின்று இங்கிலீசில் பேசிப் பழகுவாள். கைதட்டுவது என் வேலை.

ஐயா தமிழ் வாத்தியார். வகுப்புக்கு வெளியே வாய் திறந்தால் அவருக்கு வேர்த்துவிடும். நல்ல நேரம் பார்த்து, வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்புக் கதலிப்பழம் எல்லாவற்றையும் தட்டத்தில் அடுக்கி, அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராயிருந்த தம்பியை, அதாவது என் சின்னையாவை, துணைக்குக் கூட்டிக்கொண்டு மாட்டு வண்டியில் உரும்பிராய்க்குப் போனார். அங்கே புகையிலை பயிரிடும் ஒரு கமக்காரரின் மகன் ஆண்கள் கல்லூரி ஒன்றின் பிரதிநிதி. பேச்சில் புலி. அவன் ஒரு கை தூக்கினால் கூடவே பத்துக் கை தூக்கும் என்று கதை.

"எங்கடை மூத்தவளின்ரை விசயமா..." என்று ஐயா தொடங்கினாராம்.

"நீங்கள் வாய் திறந்து கேக்கவும் வேணுமே, மாஸ்டர்? எனக்கு விளங்குது" என்று கமக்காரர் தட்டத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பெண்ணைப் பெற்றவர் தம்பியையும் கூட்டிக்கொண்டு, நல்ல நேரத்தில், பையன் இருக்கும் வீட்டுக்குத் தட்டம் கொண்டுபோனால் அது எதற்கென்று யாழ்ப்பாணத்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஐயாவுக்கு அந்த நேரம் பார்த்து அது மறந்துபோயிற்று. பத்து வாக்கு வந்துவிட்டதென்று வீட்டுக்கு வந்து இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டார்.

நாலாம் நாள் கமக்காரர் மகனின் சாதகத்தோடு வந்து இறங்கினார். கல்யாணத்தைப் படிப்பு முடிந்தபிறகு வைக்கலாம் என்றார். "ஆனால் உந்த மேடை, கூட்டம் எல்லாம் இனி எங்கடை வீட்டுக்கு வாற பிள்ளைக்கு வேண்டாம்."

அம்மாவுக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. ஐயா இருந்த இடத்தில் வேர்த்து நனைந்துபோனார். வெற்றிலை வாக்குக்குத்தான் என்று சொன்னால் வந்தவருக்கு அவமானம். கொடுத்த வெற்றிலையைப் பொய்யாக்கினால் அக்காவின் பெயர் கெடும். மென்று விழுங்கி, பள்ளிக்கூடத்தில் பெயர் கொடுத்தாயிற்று, இந்த ஒருமுறை மட்டும் நிற்கட்டும் என்று கெஞ்சிச் சம்மதம் வாங்கினார். வென்றாலும் பதவியை விட்டுவிட வேண்டும் என்று முடிவாயிற்று. அன்று கிணற்றடியில் அக்கா பேசவில்லை, அழுதாள். பக்கத்தில் இருந்து நானும் அழுதேன்.

கூட்டத்தன்று மண்டபத்தின் பின்வரிசையில் இருந்தோம். அக்கா பேசி முடித்ததும் உரும்பிராய்க்காரன் எழுந்தான். அவன் சொன்ன இங்கிலீசைச் சின்னையா என் காதோடு தமிழாக்கினார். பெண்பிள்ளைகள் மேடைக்கு வந்தால் வீட்டில் சோறு யார் காய்ச்சுவது, இந்தப் பிள்ளையின் கைக்குப் பேனை சரிவராது, அகப்பைதான் சரி என்றானாம். சபை அவனைப் பார்த்து "கூ" என்று கத்தியது. சோறு காய்ச்சுவது அவ்வளவு பெரிய வேலையென்றால் அதையும் கெட்டிக்காரர்களான ஆண்பிள்ளைகளே செய்யட்டும் என்று அக்கா சொன்னதும் மண்டபம் அதிர்ந்தது. அவனுடைய கூட்டாளிகளே வெட்கப்பட்டு அக்காவுக்குக் கை தூக்கினார்கள். அக்கா வென்றாள்.

அன்றுதான் ஐயாவுக்கு வாய் திறந்தது. மகனின் பேச்சைக் கேட்க வந்திருந்த கமக்காரரிடம் நேரே போனார். "சபையிலை என்ரை பிள்ளையை உப்பிடிக் கேவலப்படுத்தினவருக்கு நான் பொம்பிளை குடுக்கமாட்டன்."

"எங்களிலைதான் பிழை, மாஸ்டர்" என்று அந்த மனிதர் தலைகுனிந்தார். சாதகம் மரியாதையாகத் திரும்பிப் போயிற்று. தை பிறக்க அக்கா கொழும்புக்குப் போவதென்று தீர்ந்தது.

தலை நரைத்தபிறகுதான் அக்கா எனக்கு மிச்சத்தைச் சொன்னாள். கூட்டத்துக்கு முதல்நாள் பிரதிநிதிகளுக்குத் தேநீர் கொடுத்த இடத்தில் அந்த உரும்பிராய்க்காரனிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதிருக்கிறாள். "உமக்கு என்ன வேணும்?" என்று மட்டும் கேட்டானாம். "படிக்கவேணும்" என்றாளாம். "சரி, நான் பாக்கிறன்" என்றானாம்.

எட்டு வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? அவனைக் கடித்துவிட வேண்டும் போலிருந்தது. கூட்டம் முடிந்து நாங்கள் வண்டியில் ஏறியதும் பக்கத்தில் வந்து, "அக்கா எப்ப கொழும்புக்குப் போறா?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டான். நான் நாக்கை நீட்டிப் பழித்தேன். அவன் சிரித்தான், ஆனால் கண் சிவந்திருந்தது. வண்டி சந்தி திரும்பும்வரை அதே இடத்தில் நின்றான். இத்தனை பேர் முன்னால் கூ வாங்கியவன் வெட்கமில்லாமல் ஏன் எங்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று எனக்கு விளங்கவேயில்லை.