கும்மிக்கு எது முன்பக்கம்?

போன புதன்கிழமை, முதுகுக்கு எப்படி மார்க் போடுவது என்று ஒரு பெரிய பஞ்சாயத்து. இடம், போர்ட் பிளேரில் ஒரு கல்லூரி. நாட்டியத் துறையில் கடைசி வருஷப் பிராக்டிகல். லோக்கல் எக்ஸாமினர் நான். மெயின்லேண்டிலிருந்து வந்திருந்தவர் பேராசிரியர் ராமநாதன்.

இந்த வருஷம் அங்கே ஒரு புதுப் பாடம். நடனம் சொல்லிக்கொடுப்பதில் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கங்களை எப்படிக் களைவது? ஸ்டைலாகச் சொன்னால், 'டீகாலனைஸ்' பண்ணுவது! தியரி பேப்பரைத் திருத்தியதும் நாங்கள்தான். அடடா... பிள்ளைகள் பிரித்து மேய்ந்திருந்தார்கள். 'வட்டமாக ஆடிய கும்மியை மேடையில் ஏற்றி, எதிரே சோபாவில் இருப்பவர்களைப் பார்த்து ஆட வைத்தது யார்?' என்று ஒரு பேப்பரில் கேள்வி. ராமநாதன் சார் சொக்கிப்போய் முழு மார்க் போட்டார்.

அப்புறம் பிராக்டிகல். மேடை, திரை, கீழே எங்களுக்கு இரண்டு நாற்காலி. ஒவ்வொருவராக ஏறி, எங்களைப் பார்த்து ஆட வேண்டும். அதாவது, எல்லாம் பழையபடி! சுதந்திரம் தியரிக்கு மட்டும்தான்.

சுனிதாவைக் கூப்பிட்டார்கள். போர்ட் பிளேரிலேயே டெய்ரி ஃபார்ம் என்கிற பேட்டைப் பெண். கைதிகள் காலத்திலிருந்து அந்தமானிலேயே இருக்கிற குடும்பம். பெங்காலி, தெலுங்கு, மலையாளம், ராஞ்சியிலிருந்து குடியேறிய வீட்டுப் பெண் என்று ஒரு தோழிகள் பட்டாளத்தோடு வந்தாள். யாரும் மேடை ஏறவில்லை. கீழேயே, எங்கள் முன்னால் வட்டமாக நின்றார்கள். எங்களுக்குக் கிடைத்தது முதுகு தரிசனம்.

"என்னம்மா இது?" என்றார் சார்.

"கும்மி சார்."

"எந்த ஊர்க் கும்மி? மதுரையா, தஞ்சாவூரா?"

"நஹி சார். டெய்ரி ஃபார்ம் கும்மி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாருக்கு வரவில்லை. எங்கள் தீவுக்காரர்களிடம் பூர்வீக ஜில்லாவைக் கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். கப்பலில் வந்து இறங்கியவர்கள் சொல்லாமலே போய்விட்டார்கள். அதற்காகக் கும்மி அடிக்காமல் இருக்க முடியுமா? ஆள் குறைந்தால் பக்கத்து வீட்டு பெங்காலிப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார்கள் — அவ்வளவுதான்.

"பரீட்சை உனக்குத்தானே? இவங்க எதுக்கு?"

"தனியா அடிச்சா அது கும்மி இல்ல சார். பஸ், அவ்வளவுதான், சும்மா கைதட்டற மாதிரி இருக்கும்."

"முகபாவத்துக்கு மார்க் போடணும்மா. முதுகுக்கு எப்படிப் போடறது? மேடை ஏறி இந்தப் பக்கம் பார்த்து ஆடு. இல்லேன்னா ஃபெயில்தான்."

சுனிதாவின் முகம் சுருங்கிவிட்டது. மெயின்லேண்டில் எம்.ஏ. சீட் கிடைத்திருக்கிறது. இதில் பாஸானால்தான் போக முடியும். ஏறிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் நகரவில்லை.

"சார்... இதைத்தான் நான் தியரியில எழுதினேன். மத்லப்... அதாவது, எழுதினா மார்க்... செஞ்சா ஃபெயிலா?"

முழு மார்க் வாங்கிய பெண் இவள்தானா! எனக்கு விசில் அடிக்கலாம் போலிருந்தது. எக்ஸாமினர் விசில் அடிக்கக் கூடாதாமே... அதனால், "முகம்தானே தெரியணும்? நீங்க நடுவுல போய் உட்காருங்க சார்" என்றேன்.

ராமநாதன் சார் என்னை முறைத்தார். ஆனால் நல்ல மனிதர், எழுந்துவிட்டார். மிதாலி என்கிற பெங்காலிப் பெண் ஓடிப்போய் ஆபீஸிலிருந்து சுழல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கும்மிக்கு நடுவில் குத்துவிளக்கு வைப்பார்கள். டெய்ரி ஃபார்ம் கும்மிக்கு ராமநாதன் சார்!

பாட்டுத் தொடங்கியது. தமிழில் ஒரு அடி, ஹிந்தியில் ஒரு அடி. சுனிதாவின் முகத்தைத் துரத்திக்கொண்டு சார் நாற்காலியோடு சுற்றினார். பாட்டு வேகம் பிடித்தது. சாரும் வேகம் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் முகபாவம், மார்க், ரூல் எல்லாம் மறந்துபோய், தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே உட்கார்ந்து முதுகை மட்டும் பார்த்த எனக்கும் ஆட்டம் அழகாகத்தான் இருந்தது.

"போதும்மா, தலை சுத்துது! நீ பாஸ்!"

சுனிதா கத்திய கத்தலில் அடுத்த அறை கிளாஸ் நின்றுபோனது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்தான்.

அடுத்து வந்தவள் பரதநாட்டியப் பெண். மேடையைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள்.

"சார்... நான் எந்தப் பக்கம் பார்த்து ஆடணும்?"

சார் தள்ளாடியபடி எழுந்தார்.

"நீ ஆடும்மா. நாங்க இடம் மாறி உட்கார்ந்துக்கறோம்."