ஹெட்லைட் நட்சத்திரம்

போன மாதம் ஒரகடத்துக் காயலான் கடையில் வாங்கிய மூட்டையைப் பிரித்தேன். கார் கதவு ரப்பரின் வாசனை குப்பென்று ஏறியது. என் கலைக் கண்காட்சிக்காகப் பலகையில் ஒட்டவிருந்த பொருட்கள்தான். ஆனால் அந்த வாசனை எனக்கு, வடக்குப்பட்டில் இருந்த எங்கள் வீட்டின் டிசம்பர் மாதம்.

அம்மா கார் கம்பெனியில் ஒயர் லைனில் வேலை பார்த்தாள். கழித்துப் போடுகிறதை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வருவாள். தெருவெல்லாம் வைக்கோலில் கிறிஸ்துமஸ் குடில் கட்டும். எங்கள் குடிலில் பேக்கிங் ஃபோம் மலையாகும், ஒயர் ஆடாகும், உடைந்த ஹெட்லைட் நட்சத்திரமாகும். குழந்தை இயேசுவைப் பார்க்க மூன்று ராஜாக்களும் அட்டையில் செய்த கம்பெனி ஷிப்ட் பஸ்ஸில் வந்து இறங்குவார்கள். ஒட்டிய ஒவ்வொன்றையும் அம்மா இழுத்துப் பார்ப்பாள். கையோடு வந்துவிட்டால் மறுபடி ஒட்டுவாள்.

ஒரு வருஷம் குடில்களுக்குப் பரிசு கொடுக்க வந்த சர்ச் கமிட்டிக்காரர் முகம் சுளித்தார். "இன்னாம்மா இது, சாமிய கொண்டாந்து குப்பையில வச்சிகீற?"

அம்மா அசரவில்லை. "மாட்டுக் கொட்டாய்ல பொறந்தவருதானேண்ணா அவரு. நம்ம வூட்டுக்கு வரமாட்டேன்னா சொல்லப் போறாரு?"

பரிசு வேறு வீட்டுக்குப் போனது. தெருப் பிள்ளைகள் மட்டும் எங்கள் வாசலை விட்டு நகரவில்லை.

நேற்று அம்மாவைக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனேன். 'தொடாதீர்கள்' என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, என் பலகையிலிருந்த ஹெட்லைட் நட்சத்திரத்தைப் பிடித்து நன்றாக ஓர் இழு இழுத்தாள். செக்யூரிட்டி பதறி ஓடி வந்தார்.

"வராதுப்பா," என்றாள் அம்மா, கையை எடுக்காமலே. "எம் பொண்ணு ஒட்டினது."