நான் தாண்டாத வகுப்பு

ஊதா மைக்கு ஒரு வாசனை உண்டு. கொஞ்சம் இனிப்பாக இருக்கும், முகர முகர மூக்கை அரிக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் அந்த மையால் ஒரு தாளில் எழுதி, பசைத்தட்டில் அழுத்தி, அதன்மேல் வெள்ளைத் தாள்களை ஒவ்வொன்றாக வைத்து நகல் எடுப்பார். முதலில் வந்தவை பளிச்சென்று இருக்கும். கடைசியில் வந்தவற்றை வெயிலில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். மூன்றாம் பாரம், இன்றைய கணக்கில் எட்டாம் வகுப்பு, முடித்து நான்காம் பாரம் போகிறவர்களுக்கு ஆண்டுதோறும் அப்படி ஒரு தாள் கிடைக்கும். நாங்கள் அதை "ஆப்சனல் சீட்டு" என்போம். நான்கு, ஐந்து, ஆறு என்று பள்ளியின் கடைசி மூன்று பாரங்களுக்கும் எல்லோருக்கும் பொதுவான பாடங்கள் போக, அவரவர் விரும்பி எடுக்கும் பாடங்களை அதில் குறித்து, தகப்பனாரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். அன்று எதைக் குறிக்கிறோமோ அதை வைத்துத்தான் பிறகு கல்லூரியில் என்ன படிக்கலாம் என்பது முடிவாகும்.

நான் சொல்வது முப்பதுகளின் பிற்பகுதி. திருச்செங்கோட்டுக்கு மூன்று மைல் தள்ளி எங்கள் ஊர். அய்யன், அதாவது என் தகப்பனார், மாட்டுவண்டி வைத்திருந்தார். பஞ்சுப் பொதியும் கடலைக்காய் மூட்டையும் ஏற்றிக்கொண்டு அன்றாடம் டவுனுக்குப் போவார். அந்த மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் நான் பள்ளிக்கூடம் போனேன். முந்நூறு பையன்கள் படித்த அந்தப் பள்ளியில் பெண்கள் நாங்கள் ஐந்தே பேர். எனக்கு அப்போது வயது பன்னிரண்டு. மற்ற பாடங்களில் எல்லோரையும் போலத்தான். கணக்கு மட்டும் எனக்கு எப்படியோ வசப்பட்டிருந்தது. பொங்கலுக்குள் மூன்றாம் பாரத்துக் கணக்குப் புத்தகம் முழுவதையும் போட்டு முடித்துவிட்டு, வகுப்பில் வேலையில்லாமல் ஜன்னல் கம்பிகளை எண்ணிக்கொண்டிருந்தவளைப் பார்த்து, கணக்கு வாத்தியார் ஐந்தாம் பாரத்துப் புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதிலும் பாதி தாண்டிவிட்டேன்.

அந்த வருடம் எனக்கு வந்த ஆப்சனல் சீட்டில், ஊதா எழுத்துகளுக்குக் கீழே தலைமையாசிரியர் சிவப்பு மையில் தம் கைப்பட எழுதியிருந்தார்: நான்காம் பாரம் தேவையில்லை, நேராக ஐந்தாம் பாரத்தில் சேரலாம்.

"டபுள் பிரமோஷன்" என்ற சொல்லை வண்டியில் வரும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அய்யனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தச் சொல் அவருக்குப் பிடித்துவிட்டது. எதிரில் வந்த வண்டிக்காரர்களையெல்லாம் நிறுத்தி, "என்ற புள்ள ஒரு வகுப்பையே தாண்டிப் போகுதுங்க" என்றார்.

வீட்டில் அம்மா கம்பு குத்திக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு உலக்கையை நிறுத்தினாள்.

"அப்படித் தாண்டிப் போனா எப்ப முடியும்?"

"எனக்குப் பதினாலு ஆறப்ப."

"முடிச்ச உடனே காலேஜுல எடுத்துக்குவாங்களா?"

பதினைந்து நிறையாதவர்களைக் கல்லூரியில் சேர்ப்பதில்லை என்று வாத்தியார் சொல்லியிருந்தார். அதைச் சொன்னேன்.

"அப்ப நடுவுல ஒரு வருசம் என்ன பண்ணுவே?"

"ஊட்ல இருப்பேன்."

அம்மா மறுபடி உலக்கையை எடுத்தாள். மறுநாள் காலை நான் வண்டியில் ஏறியபோது, சலவைப் புடவை கட்டிக்கொண்டு அவளும் வந்து ஏறினாள்.

அம்மா அதுவரை பள்ளிக்கூடத்து வாசலைக்கூடப் பார்த்ததில்லை. தலைமையாசிரியர் நாற்காலியைக் காட்டினார். உட்காராமல் கதவோரம் நின்றாள். பக்கத்தில் அய்யன், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு.

"தாண்டறது வேண்டாமுங்க" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. தலைமையாசிரியரும் எதிர்பார்க்கவில்லை. நல்ல கெட்டிக்காரப் பெண், நான்காம் பாரத்தில் போட்டால் ஒரு வருடம் வீணாகும், சலிப்பில் படிப்பே பிடிக்காமல் போய்விடும் என்று அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். அம்மா முழுவதையும் கேட்டாள்.

"ஏனுங்க சாமி, ஒரு புள்ளைக்கு எலையில போட்ட சோறு பத்தலீன்னு வெச்சுக்குங்க. அதை எழுப்பிக் கூட்டிட்டுப் போயி அடுத்த பந்தியில எதுக்குங்க உக்கார வெக்கோணும்? அந்த எலையிலயே இன்னுங் கொஞ்சம் போடக் கூடாதுங்களா?"

அவர் சிரித்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மைக்கூட்டைத் திறந்தார்.

அரைமணி நேரம் அந்தத் தாளில்தான் எங்கள் எல்லோருடைய கண்ணும். மூன்று வருடத்தையும் அவர் மூன்று கட்டமாகப் பிரித்தார். வகுப்பு நான்காம் பாரம்தான்; ஆனால் அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி நேரத்தில் மட்டும் ஐந்தாம் பாரத்துப் பையன்களோடு உட்கார வேண்டும். அதனால் ஆறாம் பாரம் வருவதற்குள் கணக்கு முடிந்துவிடும். அந்த நேரத்தைப் பௌதிகத்துக்கு வைத்துக்கொள்ளலாம். நூலக அலமாரிச் சாவி என்னிடம் இருக்கும். சனிக்கிழமை காலை, கணக்கில் தடுமாறும் முதல் பாரத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்லித்தர வேண்டும். "இந்தப் பெண் வாயைத் திறப்பதில்லை, அதற்கும் ஒன்று செய்ய வேண்டும்" என்று, வெள்ளிக்கிழமை மாணவர் சங்கத்தில் மாதம் ஒருமுறை பேச வேண்டும் என்றும் எழுதினார்.

ஓரிடத்தில் பேனா நின்றது. ஆப்சனல் கணக்கு நடக்கும் நேரத்தில்தான் பெண்களுக்குத் தையல் வகுப்பு. ஒன்றை எடுத்தால் மற்றது கிடையாது. அதுவரை படித்த பெண்கள் எல்லோரும் தையலைத்தான் எடுத்திருந்தார்கள்.

"கணக்கே எழுதுங்க" என்றாள் அம்மா. "ஊசியும் நூலும் எங்க ஊட்ல இருக்குது. அந்தக் கணக்கு எங்க ஊட்ல இல்லீங்களே."

தாளின் அடியில் அய்யன் கைநாட்டு வைத்தார். தலைமையாசிரியர் பள்ளி முத்திரையைக் குத்தி, காற்றில் ஆட்டிக் காயவைத்துக் கொடுத்தார்.

இப்போது இதை எழுதும்போது இனிக்கிறது. அன்று எனக்கு அவ்வளவும் கசப்பு. எனக்கு வந்த பெருமையை அம்மா வந்து பறித்துக்கொண்டு போய்விட்டாள் என்றே நினைத்தேன். திரும்பும் வழியெல்லாம் அழுதேன். அதற்குப் பிறகு பல மாதங்கள், சோறு போடு, தண்ணி வேணும் என்பதற்கு மேல் அவளோடு பேசவில்லை.

ஆனால் அந்தத் தாள் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. முதல் வெள்ளிக்கிழமை மேடையேறி, "பெரியோர்களே" என்று தொடங்கி, அடுத்த சொல் வராமல் இறங்கிவிட்டேன். அடுத்த மாதம் நான்கு வாக்கியம் சொன்னேன். மூன்றாவது மாதம், வண்டிச் சக்கரத்துக்கு ஏன் இத்தனை ஆரக்கால்கள், பட்டறையில் அளவுகோலே இல்லாமல் அவற்றைச் சமமாகப் பிரிப்பது எப்படி என்று, அய்யனின் வண்டியில் பார்த்ததை வைத்துப் பேசினேன். பையன்கள் சிரிக்கவில்லை, ஒருவன் எழுந்து கேள்வி கேட்டான். சனிக்கிழமைகளில் வந்த முதல் பாரத்துப் பிள்ளைகளுக்குப் பின்னம் புரியவில்லை. அது அவர்களுக்கு ஏன் புரியவில்லை என்று கண்டுபிடிப்பது, ஐந்தாம் பாரத்துக் கணக்கைவிடக் கடினமாக இருந்தது. சலிப்பதற்கு எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

ஐந்தாம் பாரத்தில் இருந்தபோது, ஒரு தை மாதத்து மத்தியானம், சங்ககிரிப் பக்கத்திலிருந்து தூரத்து உறவினர் நால்வர் வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கிணற்றுப் பாசனத்தில் நாலு ஏக்கர், குடிப்பழக்கம் கிடையாது, பெண்ணைக் கொடுத்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்றார்கள். அய்யனுடைய முகத்தைப் பார்த்தேன். அவர் யோசித்துக்கொண்டிருந்தார்.

அம்மா உள்ளே போய், தகரப்பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்துவந்து அவர்கள்முன் விரித்தாள்.

"நல்ல இடந்தானுங்க, இல்லீங்கலை. ஆனா பாருங்க, மூணு வருசத்துக்குன்னு இவரு கைநாட்டு வெச்சுக் குடுத்துட்டாருங்க. ஒண்ணரை வருசந்தான் ஆகுது. நடுவால நிறுத்துனா பெரிய வாத்தியாருக்கு என்னங்க பதில் சொல்றது?"

வந்தவர்களில் மூத்தவர் தாளைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அவருக்கும் படிக்கத் தெரியாது என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. கைநாட்டையும் முத்திரையையும் விரலால் தடவியவர், "பத்திரமே ஆயிப்போச்சுங்களா?" என்று அய்யனிடம் கேட்டார்.

அய்யன் அம்மாவைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க. சொன்ன சொல்லு மாறக்கூடாதுங்களே" என்றார்.

மோர் குடித்துவிட்டு அவர்கள் போய்விட்டார்கள். தாளை மடித்துக்கொண்டிருந்த அம்மாவிடம், வெகுநாளைக்குப் பிறகு நானாகப் போய் உட்கார்ந்தேன். அன்றுதான் அவள் தன் தங்கையைப் பற்றிச் சொன்னாள். எடப்பாடியில் வாழ்க்கைப்பட்டிருந்த என் சின்னம்மா, சின்ன வயதில் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் முன்னால் அஞ்சாவது முடித்தவளாம். மேலே படிக்க வயது போதாது, ஒரு வருடம் வீட்டில் வைத்திருந்து கூட்டிவாருங்கள் என்று வாத்தியார் சொன்னாராம்.

"அந்த ஒரு வருசத்துல மூணு எடத்துல இருந்து வந்து கேட்டாங்க. மூணாவது எடத்துக்குக் குடுத்துட்டாங்க. புள்ள சும்மா ஊட்ல இருந்தா ஊரு சும்மா இருக்காது, அம்மிணி. நீ படிக்கறது நடந்துட்டே இருந்துச்சுன்னா, நடுவுல யாரும் வந்து கேக்கறதுக்கு எடமிருக்காது. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

இதை அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா உனக்குப் படிக்கறதுல பயம் வந்திருக்கும்" என்றாள்.

ஆறாம் பாரத்தில் கணக்கிலும் பௌதிகத்திலும் பள்ளிக்கே முதலாகத் தேறினேன். எனக்குப் பதினைந்து நிறைந்து மூன்றாவது மாதம், கல்லூரி திறந்தது. சென்னைக்கு ரயிலேற்ற அய்யன் வண்டி பூட்டினார்; அன்று வண்டியில் மூட்டை கிடையாது, நாங்கள் மட்டும்தான். புறப்படுவதற்கு முந்தின நாள் எடப்பாடியிலிருந்து ஒரு கார்டு வந்தது. அச்சடித்தது போன்ற எழுத்து. சின்னம்மா வாழ்த்தென்று எதுவும் எழுதவில்லை. காலேஜில் கணக்கு எப்படி இருக்கும், எனக்கும் எழுது, என்று மட்டும் கேட்டிருந்தாள். அம்மாவுக்கு அதை நான்தான் படித்துக் காட்டினேன். அவள் கார்டை வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தாள். கல்லூரியில் இருந்த நான்கு வருடமும் சின்னம்மாவுக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினேன். பாதிக் கடிதங்களில் கணக்கு இருக்கும்; விடையோடு பதில் வரும்.

பிறகு சேலத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்து ஓய்வு பெற்றேன். அய்யனும் அம்மாவும் சின்னம்மாவும் இப்போது இல்லை. பாரங்கள் போய் வகுப்புகள் ஆகிவிட்டன. ஆப்சனல் சீட்டு என்றால் இன்றைய பிள்ளைகளுக்கு என்னவென்று தெரியாது. நகலெடுக்கும் பசைத்தட்டைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. அவற்றுக்காக எனக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை.

அஸ்தம்பட்டியில் எங்களுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். பள்ளிப் படிப்பை முடித்தவள், மதிப்பெண் போதவில்லை, மறுபடி எழுதுகிறேன் என்று போன வருடம் முழுவதும் வீட்டிலேயே இருந்தாள். சாயங்காலங்களில் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏற்காடு சாலையில் சுற்றுவாள். சந்தேகம் வந்தால் நோட்டோடு என்னிடம் வருவாள். ஆனியில் அவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. இனிப்பு கொடுக்க வந்தவளிடம், வருடம் எப்படிப் போயிற்று என்று கேட்டேன்.

"ஒரே போரு, பாட்டி. வீட்டுக்கு ஒருத்தருமே வரலை" என்றாள்.

சின்னம்மா வீட்டில் இருந்த அந்த ஒரு வருடத்தை நினைத்துக்கொண்டு, இனிப்பில் இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.